கிறிஸ்டினா குறைத்த ஏழு கிலோ

எனக்கு வாய் நீளம், கோபமும் மூக்கு நுனியில். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். திருவொற்றியூரில் எங்கள் மளிகைக் கடைக்கு மேல் மாடியில் எடை குறைக்கும் கிளப் நடத்துகிறேன். காலை ஆறரைக்குப் பன்னிரண்டு பெண்கள் வருவார்கள். மெஷினில் ஏறி எடை பார்ப்போம், எடை குறைய நான் விற்கும் கம்பெனி மாவை டம்ளரில் கலக்கிக் குடிப்போம். நூறு கிராம் குறைந்தாலும் கைதட்டு உண்டு. ஏறியிருந்தால் திட்டு, அது என் பங்கு.

கம்பெனி நடத்தும் நாற்பது நாள் போட்டியில் என் குழுவில் ஒருத்தியாவது ஜெயித்து, மாவால் குறைந்தேன் என்று மேடையேறிச் சொன்னால் எனக்கு லீடர் பின் என்கிற பேட்ஜ் கிடைக்கும். இரண்டு வருஷமாக அது கைக்கு எட்டவில்லை. மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

இந்த முறை கிறிஸ்டினா ஏழு கிலோ குறைத்தாள். ராயபுரத்துக்காரி, தையல் வேலை. மகன் சாவியோ சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். முதலாளி கைவிட்டதில் அந்தக் கப்பல் ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஏழு மாதமாக நிற்கிறது, பையன்களை இறங்க விடவில்லை. கிளப்பில் எல்லோருக்கும் இது தெரியும். அவள் அழுகிற நாளில் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம்.

பரிசளிப்பு விழாவுக்கு முந்தின நாள் ஈஸ்டர். சாயங்காலம் கிறிஸ்டினா மாடிக்கு வந்து, மேடையில் தன் பேரைச் சொல்ல வேண்டாம் என்றாள். மாவை அவள் குடிக்கவேயில்லையாம். தினமும் பக்கத்தில் உட்காரும் பவுனம்மாள் பக்கம் தள்ளியிருக்கிறாள். பவுனம்மாள் ஏன் இரண்டு கிலோ ஏறினாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கப்பலில் பையனுக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான் என்று தெரிந்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்க இவளும் ஒரு வேளைதான் சாப்பிட்டிருக்கிறாள். அவன் வீடு வந்து சேர வேண்டும் என்று நோன்பு. அன்று காலைதான் போன் செய்தானாம். ஊருக்கு அனுப்ப ஒப்புக்கொண்டுவிட்டார்கள், டிக்கெட் மட்டும் வர வேண்டும்.

"அது ஆண்டவருக்கு குட்த்ததுக்கா. மாவால கொறஞ்சேன்னு மேடைல எப்டி சொல்றது?"

எனக்கு வந்ததே கோபம். கடைசி நேரத்தில் காலை வாருகிறாயே என்று கத்தினேன். மாவு என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கூசுகிறது. அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் யானைக்கவுனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. முந்நூறு பேர் இருந்தார்கள். மைக்கை வாங்கி நான் அவள் பேரைச் சொன்னேன். ஆமாம், சொன்னேன். ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்தாள். தோளில் சாட்டின் பட்டை போட்டார்கள். என்னைக் கைகாட்டி, இந்தச் சிவந்தி அக்கா கொடுத்த மாவால்தான் குறைந்தேன் என்று மைக்கில் சொன்னாள். மண்டபமே கைதட்டியது. என் புடவையில் பின்னைக் குத்தினார்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிரியாணி. கிறிஸ்டினா ஒரு வாய்கூட வைக்காமல் இலையை மடித்தாள். நாற்பது நாள்தான் முடிந்துவிட்டதே, சாப்பிடேன் என்றேன்.

"அந்த நோன்பத்தான் மேடைல வித்துட்டேனேக்கா," என்றாள். "நீ ரெண்டு வர்சமா ஆசப்பட்டுகினு இருந்த. உன்ன வெறுங்கையா அனுப்ப மனசு வர்ல. இன்னிலேர்ந்து மறுபடியும் நாப்பது நாள் இருக்கணும். அவனுக்கு டிக்கெட் வராம பூடுச்சின்னா?"

அவள் குரலில் துளி கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் பாவி, நானும் இலையை மடித்தேன். அந்த நாற்பதில் இருபது நாள் நான் இருக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்தேன்.

"இது பங்கு போட்றது இல்லக்கா," என்று மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். "நீ சாப்டு. ஆறிடும்."