குளத்துக் கேட்

முதல் அடி ஆட்டின் மேல்தான் விழுந்தது. சூரியத் தகடுகளின் வரிசைக்கு நடுவே நீளக் கம்புத் துடைப்பத்தோடு நின்றிருந்தவள், எங்கோ குழாய் சரிந்த சத்தம் என்று முதலில் நினைத்தாள். அதன் பிறகுதான் ஆடு கத்தியது. ஆடுகளோடு வளர்ந்தவளுக்கு எந்தக் கத்தல் பசிக்கு, எந்தக் கத்தல் குட்டியைத் தேடி என்று தெரியும். இது எலும்பு முறிந்த கத்தல். திரும்பிப் பார்த்தாள். குளத்துக் கேட்டில் அவள் கணவன் இரும்புக் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவனுக்கு எதிரே, காலொடிந்த ஆட்டின் பக்கத்தில் குந்தி அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான் அவளுடைய அண்ணன்.

அந்த இடம் முழுக்க முன்பு மேய்ச்சல் வெளி. அரசாங்கத்தின் புதிய மின்சாரக் கொள்கை வந்தபோது காகிதத்தில் அது தரிசாகிவிட்டது. தரிசில் சூரிய மின்நிலையம் அமைப்பவர்களுக்குச் சலுகை என்றார்கள். வேலி வந்தது, தகடுகள் வந்தன. வேலையும் வந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. அவள் கணவனுக்குக் காவல் வேலை, அவளுக்குத் தகடு கழுவுகிற வேலை. சீருடை மாட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்து, "மாப்பிள்ளை இப்ப சூரியனுக்கே வாட்ச்மேன் ஆயிட்டாரு. சாயங்காலம் பூட்டிட்டுத்தான் வருவாரு" என்று அண்ணன் சொன்னதும் வீடே சிரித்தது. குளம் வேலிக்குள் மாட்டிக்கொண்டது அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. மதியத்தில் கால்நடைகளைத் தண்ணீருக்கு விட வேண்டும் என்பது அரசு போட்ட நிபந்தனை. அதற்காக வைத்ததுதான் குளத்துக் கேட். கொஞ்ச காலம் திறந்தும் இருந்தது. ஒரு கிடா முட்டித் தகடு ஒன்று நொறுங்கிய அன்றே அதில் பூட்டு விழுந்தது. அதிலிருந்து அண்ணன் வேலியைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை மந்தையை ஓட்டினான். வெயில் ஏறியதும் வழியிலேயே குட்டிகள் விழ ஆரம்பித்தன. செத்த குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வேலி ஓரமாகப் போவதைத் தகடு துடைத்தபடியே அவள் பார்த்திருக்கிறாள்.

கொள்கை எப்படி நடக்கிறது என்று மதிப்பிட ஒரு பெண் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் நல்லபடியாக எழுதினால் பக்கத்து மேட்டு நிலமும் நிறுவனத்துக்குக் கிடைக்கும். மேனேஜர் காவலர்களைக் கூட்டி, அன்றைக்கு ஓர் ஆட்டுப் புழுக்கைகூடக் கண்ணில் படக் கூடாது என்றார். பிறகு அவள் கணவனின் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போய், "உன் மச்சான் உள்ள கால வச்சா, நீ அப்படியே வெளிய போயிடலாம். உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போயிடு" என்றார். சொல்லும்போது சிரித்தாராம்.

அன்று மாலை கணவன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டான். "உங்க அண்ணன்கிட்ட நீ சொல்லு. ஒரு நாள்தானே."

அவள் போனில் சொன்னாள். அண்ணன் கேட்டுக்கொண்டான். பின்னால் ஆட்டு மணிகள் குலுங்கின.

"மதிப்பிட வர்றவங்க தகட்டுகிட்டயா கேட்டு எழுதுவாங்க? நம்மகிட்டத்தானே கேக்கணும்? நான் வராம யாரு சொல்வா, தங்கச்சி?"

அப்படித்தான் அவன் வந்தான். மந்தை முழுவதையும் ஓட்டிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கணவன் பூட்டியிருந்த கேட்டைப் பாதி திறந்து வெளியே வந்து, கெஞ்சித்தான் பார்த்திருக்கிறான். ஆடுகளுக்குத் தண்ணீர் வாசம் எட்டிவிட்டது. முன்னால் நின்றவை முட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தன. தடுக்கப் போனவன் பதற்றத்தில் குழாயைச் சுழற்றிவிட்டான்.

துடைப்பத்தைப் பிடித்தபடியே அவள் ஓடினாள். அவள் பாதி தூரம் வருவதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான். கையில் தழை அறுக்கிற தொரட்டி. "எங்க அப்பன் வச்சிட்டுப் போன ஆடுடா அது" என்றான். குரலை உயர்த்தவில்லை. தொரட்டி பக்கவாட்டில் சுழன்றது. கணவனின் புருவத்திலிருந்து கன்னம்வரை தோல் பிளந்தது. அவன் ஒரு கையால் முகத்தைப் பொத்தினான். விரல்களுக்கு நடுவே ரத்தம் குபுகுபுவென்று வந்தது. மற்றக் கையாலேயே குழாயை இறக்கினான். அண்ணனின் முன்கை, இருக்கக் கூடாத இடத்தில் மடங்கியது. தொரட்டி கீழே விழுந்தது. மறுபடியும் இறக்கினான். தோளில், முதுகில், கும்பிடத் தூக்கிய மறு கையில். கண்ணில் ரத்தம் இறங்கியிருந்ததால் அடி எங்கே விழுகிறது என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பக்கக் காவலர்கள் இருவர் ஓடி வந்தார்கள். விலக்கிவிடுவார்கள் என்று நினைத்தாள். வந்தவர்கள் அண்ணனின் விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தார்கள்.

அவள் யோசிக்கவில்லை. துடைப்பக் கம்பைத் திருப்பிப் பிடித்துக் கணவனின் பிடரியில் முழு பலத்தோடு அடித்தாள். இத்தனை வருஷத்தில் அவன்மேல் அவள் கை ஓங்கியதில்லை. அவன் முழங்காலில் விழுந்து, திரும்பி, அடித்தது யார் என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தான். அதற்குள் காவலர்களில் தடியன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தகடு நிறுத்துகிற இரும்புச் சட்டத்தில் மோதினான். வாயில் பல் ஒன்று கழன்று நாக்கில் உருண்டது. இன்னொரு முறை மோதுவதற்கு அவன் இழுத்தபோது, விழுந்து கிடந்த கணவன் எழுந்து வந்து அவன் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கினான். நேற்றுவரை ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்தவர்கள். இருவரும் உருண்டார்கள். தடியனின் தலையைக் கணவன் சரளையில் திரும்பத் திரும்ப மோதினான். வாயிலிருந்து வார்த்தை எதுவும் வரவில்லை, நாய் உறுமுவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஆடுகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்க் குளத்தில் வாய் வைத்துத் தலை தூக்காமல் குடித்தன.

"நிறுத்துங்க" என்ற குரல் கேட்டபோது எல்லோரும் தாங்களாகவே ஓய்ந்திருந்தார்கள். அதிகாரி கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். பின்னால் மேனேஜர்.

"குடும்பத் தகராறு மேடம். மச்சானும் மாப்பிள்ளையும். நம்ம நிலையத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் மேனேஜர்.

அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து பாட்டிலை அவளிடம் நீட்டினார். "என்னம்மா நடந்துச்சு?"

அவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள். பல்லும் சேர்ந்து வந்தது. "குடும்பம்தான். அவர் எங்க அண்ணன். இவர் என் வீட்டுக்காரர். ஆடு தண்ணி குடிக்க வந்துச்சு, கேட் பூட்டியிருந்துச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. வேறு காலி இல்லை. நடுவே ஒரு ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரரிடம் அண்ணன், ஆடு மிரண்டு தள்ளிவிட்டது என்றான். கணவன், வேலிக் கம்பி கிழித்துவிட்டது என்றான். போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவளுடைய வீங்கிய வாயைப் பார்த்து, "உனக்கு என்ன தகடு முட்டிருச்சா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் போன பிறகு அண்ணன் முகட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"மாப்பிள்ளை, கண்ணு?"

"போச்சு. உங்களுக்குக் கை?"

"ஒட்டுமாம். பழையபடி தூக்க முடியாதாம்."

"நான் அவ்வளவு சொல்லியும் ஏன் மச்சான் வந்தீங்க?" என்றான் கணவன். போர்வைக்குள் அண்ணனின் வயிறு குலுங்கியது. அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கணவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டு போட்ட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதிகாரி ஒருமுறை வந்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருப்பதாகவும், மேலே போன பிறகு அதில் எது நிற்கும், எது அடிபடும் என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னார். "பொய் சொல்லி உங்கள ஏமாத்த விரும்பல" என்றார். அவருக்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காராமலே போனார். கணவனுக்கும் அவளுக்கும் வேலை போயிற்று. கேட்டில் பழைய பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று தொங்கியது.

அண்ணன் எழுகிறவரை மந்தையை அவள்தான் ஓட்ட வேண்டியிருந்தது. வேலியைச் சுற்றி, தார் உருகுகிற சாலை வழியாகப் பாலத்துக்கு ஓட்டினாள். மேட்டு நிலத்துக்குத் திரும்புகிற இடத்தில் அந்த நிலத்தை வளைக்கப் போகிற லாரி ஒன்று எதிரே வந்தது. முள்கம்பிச் சுருள்களும் வேலிக் கம்பங்களும் கூண்டுக்கு மேல் எழும்பி நின்றன. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஆடுகள் அசையவில்லை. "ஏம்மா, ஓரமா ஓட்டு" என்று தலை நீட்டியவர், அவள் முகத்தையும் வீங்கிய உதட்டையும் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். அந்தச் சாலையில் அந்த லாரிக்கு அடியில் மட்டும்தான் நிழல் இருந்தது. முதலில் ஒரு கிழட்டு ஆடு உள்ளே நுழைந்து சக்கரத்தை ஒட்டிப் படுத்தது. பிறகு குட்டிகள். பிறகு மற்றவை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அசைபோட ஆரம்பித்தன. ஓட்டுநர் கதவைத் திறந்து, குனிந்து அடியில் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் ஆடுகளை எழுப்பவில்லை. தொரட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நடுச் சாலையில் நின்றாள்.