தப்பு செய்யத் தெரியாத கூடைக்காரி

1.

இந்தக் கதை வீட்டுப்பாடமாகப் பிறந்தது. மாலை வகுப்பில் "உழைக்கும் ஒருவரைப் பற்றி எழுதுக" என்றார்கள். பகலில் நான் கூடை ஏற்றுமதிக் கிடங்கில் விலையட்டை கட்டுகிறேன். ஆகவே ஆள் தேடி அலையவில்லை.

முதல் தொடக்கம்: "வட கானாவில், பொல்காடாங்காவின் செம்மண்ணில் சூரியன் உதிக்கும்போது, ஒரு பெண்ணின் விரல்கள்" (அடித்துவிட்டேன். அவள் எட்டு மணிக்குத்தான் பின்ன உட்காருவாள். விடியலில் பின்னுகிற பெண்கள் விளம்பரத் தாளில்தான் இருக்கிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "ஆயின்போகாவின் கூடைகள் நிராகரிக்கப்பட்டன. காரணம், மிக நன்றாக இருந்தன."

இது இருக்கட்டும்.

2.

வாங்குகிறவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள். இயந்திரத்தில் செய்த போலி தங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். நான் கட்டும் அட்டையில் "ஒன்றைப்போல் இன்னொன்று இராது" என்று அச்சடித்திருக்கிறது. ஆயின்போகாவின் பன்னிரண்டு கூடைகளோ ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, ஒரே கூடைபோல் நின்றன.

தரம் பார்க்கும் டேரி உதட்டைப் பிதுக்கினான்.

"என்னம்மா, அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. அங்கங்க ஒரு தப்பு போடு. கை வேலைன்னு தெரியணும்ல."

"போடா அடிமை. நாய்த்தலை தின்ற வாய்க்குக் கூடையைப் பத்தி என்ன தெரியும்?"

எல்லோரும் சிரித்தோம். டேரியும் சிரித்தான். அங்கேதான் கெட்டது.

(அடிக்குறிப்பு மாதிரி: டேரி டகாபா ஆள், நாங்கள் ஃப்ராஃப்ரா. இரண்டு கூட்டத்துக்கும் கேலி உறவு. யார் யாரை அடிமை என்றாலும், நாய்த்தலை தின்றவன் என்றாலும் கோபப்படக் கூடாது. அவன் சொன்னது உத்தரவா கேலியா என்று பிரித்துக் காட்ட அலுவலகப் படிவத்தில் இடமில்லை.)

அவள் அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டாள். கேலிக்குப் பதில் கொடுக்காமல் விடுவாளா? அடுத்த பன்னிரண்டை இன்னும் இறுக்கமாக, குச்சி வைத்து அளந்து பின்னிக் கொண்டுவந்தாள். அவையும் திரும்பின. மூன்றாவது முறையும் திரும்பினால் பின்னுவோர் குழுவின் உறுப்பினர் அட்டை போய்விடும். அட்டை இல்லாதவளுக்கு ஏற்றுமதி வேலை இல்லை. சந்தைத் தரகர் சொல்வதே விலை.

3.

இங்கே அவளை அழவைக்கலாமா என்று யோசித்தேன். வகுப்பில் எடுபடும். ஆனால் அவள் அழவில்லை. அது அவளுடைய குறை என்றே எனக்குப் பட்டது.

அவள் போனது சக்களத்தி லமிசியிடம். லமிசியின் கூடைகள் பீட்டோக் கள் குடித்தவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் சாயும். அவற்றுக்கு "மிகச் சிறந்த கைவண்ணம்" என்று தரம் போட்டுப் புகைப்படமும் எடுத்தார்கள்.

"லமிசி, தப்பு எப்பிடிப் பண்றே?"

"நான் எங்கக்கா பண்றேன்? அதுவா வருது."

"எனக்கும் சொல்லிக்குடு."

"உனக்கு வராதுக்கா. பின்னும்போது நீ கூடையைப் பாக்குறே. நான் ரோட்டைப் பாக்குறேன்."

4.

முடிவு (அ): லமிசியின் கூடைகளை ஆயின்போகாவின் உறுப்பினர் எண்ணில் அனுப்புவது. யோசனை என்னுடையது. அவளிடமே சொன்னேன். "அந்தக் கோணல்ல என் நம்பரக் கட்டுவியா? கட்டு, உன் கையை ஒடிக்கிறேன்" என்றாள். ஆகவே (அ) இல்லை.

முடிவு (ஆ): "கூடைகளைத் தீயிலிட்டு, தலைநிமிர்ந்து அவள்" (போதும். அவ்வளவு புல்லைப் பணம் கொடுத்து வாங்கி, கிழித்து, முறுக்கியவள் கொளுத்தமாட்டாள். கொளுத்துவது என்னைப் போன்றவர்களுக்குத்தான் சுலபம்.)

5.

நடந்தது இது.

சந்தை நாளன்று பன்னிரண்டு கூடைகளோடு வந்தாள். டேரி அவற்றைத் தரையில் வரிசையாக வைத்தான். முதல் கூடையில், விளிம்பிலிருந்து மூன்றாம் வரிசையில், ஒரு புல் பின்னல் தவறித் தாண்டியிருந்தது. வாய் ஒரு விரல் அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. டேரிக்கு முகம் மலர்ந்தது. இரண்டாம் கூடையை எடுத்தான். மூன்றாம் வரிசை, ஒரு புல், ஒரு விரல் சாய்வு. பன்னிரண்டாவது வரை அப்படியே. நாடாவை எடுத்து அளந்தான். இம்மியும் மாறவில்லை.

"பன்னெண்டுலயும் ஒரே தப்பா?"

"பின்ன? ஒண்ணுக்கொண்ணு மாறுனா வேலை சுத்தமில்லேன்னு நீதானே சொல்லுவே?"

டேரி அவளை அடிமை என்று கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: கை, இயந்திரம். அவன் பேனாவை என்னிடம் நீட்டினான். "நீதானே எழுதுறவன். போடு."

இரண்டு வரி எழுதி மூன்று வரி அடிக்கிற எனக்கு அந்த ஒரு கோடு வரவில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன். வாங்கப்போகிறவர் நீங்கள். கையால் செய்தது எப்படியிருக்கும் என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கொஞ்சம் சீக்கிரம். அவள் கிடங்கு வாசலில் நிற்கிறாள். புல் விற்கிறவன் கடையைக் கட்டுவதற்குள், அடுத்த கட்டு வாங்கலாமா என்று அவளுக்குத் தெரியவேண்டும்.