நாற்பத்தொன்றாவது கூரை

குமாரபாளையத்தில் கலைமணி குடியிருந்த சந்தில் நாற்பத்தொரு வீடுகள். எல்லாமே சிமெண்டு அட்டைக் கூரை. அவளுக்கு விசைத்தறியில் நைட் ஷிப்ட்; புருஷன் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தான். விடிந்து வந்து படுத்தால் ஒன்பது மணிக்கே அட்டை காய்ந்து அனல் இறங்கும். ஈரத்துணியைப் போர்த்திக் கண்ணை மூடிக் கிடப்பாள். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது.

மாசி கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். சந்து முழுவதற்கும், கூரைமேல் வெயிலை இழுக்காத வெள்ளைப் பூச்சு, அட்டைக்கு அடியில் தெர்மாகோல். எல்லாம் இலவசம். வீட்டு ஓனர் கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார்கள். பாதிப்பேர் வாடகைக்கு இருப்பவர்கள். பகலில் வீட்டில் இருப்பவள் என்று காகிதங்களைக் கலைமணியிடம் கொடுத்துவிட்டார்கள். தூங்க வேண்டிய நேரத்தில் பவானிக்கும் பள்ளிபாளையத்துக்கும் பஸ் ஏறி, ஒவ்வொரு ஓனராகப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். கடைசியில் பாக்கி நின்றது அவள் வீடுதான்.

அவளுடைய ஓனர் தங்கசாமிக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. மூன்றாம் முறை போனபோதுதான் மனதில் இருந்ததைச் சொன்னார்.

“உன் பேரு அவங்க லிஸ்ட்ல ஏறிச்சுன்னா, நாளைக்கு ஊடே என்னுதுன்னு நிப்ப.”

“ஒரு நாள் மத்தியானம் அங்க வந்து படுத்துப் பாருங்க. அந்த ஊடு யாருக்கு வேணும்னு அப்புறம் சொல்லுங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட உடம்பில் தெம்பில்லை. அவர் கையெழுத்துப் போடாமல் உள்ளே போய்விட்டார். கோழிகளுக்குச் சூடு தெரியாமலிருக்கக் கொட்டகைக் கூரைமேல் ஒரு குழாய் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்து நின்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஒரே வாரத்தில் நாற்பது கூரையும் வெளுத்துவிட்டது. வேலை முடிந்த அன்று எதிர்வீட்டு ரோஷன் பீவி வந்தாள். வீட்டிலிருந்தே ராட்டையில் தறிக்கான நூலைத் தார் சுற்றிக் கொடுப்பவள்.

“நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு நேரா எங்க ஊட்டுக்கு வந்து படு. ஒரு மூலைய ஒழிச்சு வெச்சிருக்கேன்.”

“எத்தன நாளைக்குங்கக்கா?”

“வெயிலு எத்தன நாளைக்கோ.”

அடுத்தவர் வீட்டில் போய்ப் படுக்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் தறியில் நின்றபடியே கண் செருகியது, போனாள்.

விழித்தபோது மணி மூன்று. தார் சுற்றும் ராட்டையைக் காணோம். சத்தம் வேண்டாமென்று ரோஷன் பீவி அதை வாசலுக்குத் தூக்கிப் போய், கதவோரத் துண்டு நிழலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். முதுகெல்லாம் வேர்வை. எழுந்துபோய் அவளை உள்ளே கூப்பிட வேண்டும் என்று கலைமணி நினைத்தாள். நினைத்தபடியே மறுபடி தூங்கிப்போனாள்.