உள்ளேன் ஐயா

பால் இறங்கவில்லை. அக்கா குழாயை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு ஊசிக்குழலை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்தாள். தம்பியின் மூக்கு வழியாகப் போகும் அந்த மெல்லிய குழாயில் பால் அரைச் சாண் இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது.

“குடிக்கிறதுலகூட உனக்கு ஒரு வீம்பு,” என்றாள்.

தம்பியால் பதில் சொல்ல முடியாது. புற்றுநோய் என்று நான்கு மாதத்துக்கு முன்னால் அவன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். தொண்டை கிழியக் கத்தியவனுக்குத் தொண்டையிலேயே ஓட்டை, கடவுள் ஆளைப் பார்த்துத்தான் அடிக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அக்கா சொன்னாள். அவன் காதில் விழும் தூரத்தில்தான் சொன்னாள். அவள் அப்படித்தான். அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளும்போது முகம் சுளிக்கமாட்டாள், வாயை மட்டும் அடக்கமாட்டாள்.

தினமும் காலையில் வந்து தொண்டைக் குழாயைச் சுத்தம் செய்யும் நர்ஸ் அன்றும் வந்தாள். ஐம்பதை நெருங்கும் பருத்த பெண். நாடியைப் பார்த்தாள், கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள், அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“இன்னிக்குத் தாண்டாதும்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க.”

“யாருக்குச் சொல்றது? அவனுக்கு நான், எனக்கு அவன். ரெண்டு பேருக்கும் தெரியும்.”

நர்ஸ் தயங்கினாள். “நேத்து கட்டிலுக்கு அடியில ஒரு பழைய போஸ்டரப் பாத்தேன். இவர்தான் கம்பியா?”

கம்பிதான். நாலு கம்பி கிடார் வாசித்ததால் அந்தப் பட்டப்பெயர். ஆலை வாசல்களில் பாடிய பாட்டால் இரண்டு முறை உள்ளே போய்க் கம்பி எண்ணிவிட்டு வந்த பிறகு பெயர் இன்னும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. தான் வாசிப்பது கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசை என்றும், ஃபங்க் என்றும், முதல் அடி தரையில் இறங்கினால் மிச்சமெல்லாம் இடுப்பில் தானாக வரும் என்றும் அவன் சொல்வான். சோல் என்றால் ஆத்மாவாம். உடம்புக்கே வழியைக் காணோம், ஆத்மாவுக்குக் கிடார் ஒரு கேடா என்று அக்கா கேட்பாள். வீட்டுக்குள் அந்தக் கருமத்தை வாசிக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வாசிக்கவும் இல்லை. முப்பது வருஷத்தில் அவன் பாட்டு ஒன்றைக்கூட அவள் முழுசாகக் கேட்டதில்லை.

“பாட்டு கேட்டதே இல்லையா? நல்ல அக்காம்மா நீங்க!” நர்ஸ் கைபேசியை எடுத்தாள். “யாரோ ஒரு பழைய கேசட்டத் தூசி தட்டி இதுல ஏத்திவிட்டிருக்காங்க. போன மாசம் சம்பளத்துக்காக நாங்க நர்சுங்க எல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல தர்ணா உக்காந்தோமே, அப்ப பூரா இதான் பாட்டு.”

முதலில் கிடார் மட்டும் வந்தது. தடித்த கம்பியில் ஓர் அடி, கொஞ்சம் மௌனம், ஒரு சீண்டல், மறுபடி அதே அடி. பிறகு தம்பியின் குரல். கரகரப்பாக, கொஞ்சம் கேலியாக, வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிடுவது போல அது கூப்பிட்டது.

“டோக்கன் நூத்திப் பதினேழு!”

“உள்ளேன் ஐயா!” என்று ஒரு கூட்டமே பதில் சொன்னது.

அக்காவின் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் தட்டச் சொல்லவில்லை. இத்தனை நாள் இரைச்சல் என்று நினைத்ததற்குள் இவ்வளவு ஒழுங்கு இருந்தது, இவ்வளவு குறும்பு இருந்தது. இவனா, இந்தப் பயலா என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது. பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் பெருமைப்பட்டாள்.

அந்தப் பெருமை இரண்டு நிமிஷம் இருந்தது. மூன்றாவது சரணத்தில் தம்பி பாடினான்:

“சன்னலுக்குப் பின்னால ஒரு பேனா, சமத்துப் பேனா,
செத்தவன் பேருக்கு லீவு போட்ட பேனா.”

“இந்த எடத்துலதான் கூட்டம் துள்ளும்,” என்றாள் நர்ஸ்.

“யாராம் அது?”

“டைம் ஆபீஸ்காரி எவளோ. பாய்லர் வெடிச்சு உள்ள ஒரு ஆள் செத்துட்டான், இவ அன்னிக்கு அவன் வேலைக்கே வரலன்னு எழுதிட்டாளாம். இருக்காளோ செத்தாளோ, பாவி.”

இருந்தாள். கையில் பால் பாத்திரத்தோடு அங்கேயே நின்றிருந்தாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் பாய்லர் வெடித்த அந்தச் சாய ஆலையில், ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீசில் அக்காதான் கிளார்க். வேலை நிரந்தரமாகாத காலம். தம்பி அங்கேயே சாயத் தொட்டியில் வேலை பார்த்தான். செத்தவனின் டோக்கன் எண்தான் நூற்றுப் பதினேழு; ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு நெட்டையன். வெடித்த அன்று அவன் உள்ளே போனதைப் பார்த்தவர்கள் பலர். ரெஜிஸ்டரில் மாற்றச் சொன்னவர் மேனேஜர், மாற்றியது அக்காவின் பேனா. ஆள் வரவே இல்லை என்றால் ஆலைக்கு அவன் சாவில் பங்கில்லை. மறுநாள் அவன் மனைவி சன்னலுக்கு வெளியே வந்து நின்றபோது, “அவர் நேத்து வரலையேம்மா,” என்று சொன்னதும் அக்காதான். அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமானது. அந்தச் சந்தோஷத்தில் தம்பிக்கு அவள் வாங்கிக்கொடுத்ததுதான் அந்த நாலு கம்பி கிடார்.

ரெஜிஸ்டரைப் பற்றி அவன் கேட்டதே இல்லை, அவளும் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியாது என்றே முப்பது வருஷமும் நினைத்திருந்தாள்.

நர்ஸ் போனதும் அவன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

“பாட்டு கேட்டேன்டா.”

அவன் கண்கள் சட்டென்று திறந்தன. எழுதும் அட்டையைக் கேட்டான். அட்டையை அவள் பிடித்துக்கொண்டாள், பென்சில் ஊர்ந்தது. *எப்படி இருந்துது?*

“அந்தப் பேனா நானாடா?”

அவன் ‘எப்படி’க்குக் கீழே கோடு போட்டான்.

“கேக்கறேன்ல? நானா, இல்லையா? இல்லைன்னு தலையாட்டு, போதும்.”

பொய்யாக ஆட்டினாலும் போதும் என்றுதான் இருந்தது. அந்த ஓர் அசைவை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாள். அவன் ஆட்டவில்லை. அவள் முகத்தையே பார்த்தான், பரீட்சை முடிவுக்கு நிற்கும் பையனைப் போல. இன்னொரு கோடு போட்டான். பென்சில் முனை உடைந்தது.

அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது எதற்கென்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது. சாகும்போதும் உனக்கு உன் பாட்டுதானா?

“நாராசமா இருந்துது,” என்றாள். “நாய்கூட நின்னு கேக்காது.”

தொண்டை ஓட்டையில் காற்று ஒருமுறை சீறியது. அவன் கண்களை மூடிக்கொண்டான்.

அவ்வளவும் பொய். அவள் காதில் விழுந்ததிலேயே அதைவிட நல்லது கிடையாது. கொஞ்ச நேரம் வேகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஊசிக்குழலைக் கழுவப் போனாள். கழுவி, கொதிநீரில் போட்டு, துணியில் துடைத்து எடுத்துவந்தபோது அவன் போயிருந்தான்.

“நல்லா இருந்துதுடா,” என்றாள். குனிந்து காதருகில் மறுபடி சொன்னாள். “ரொம்ப நல்லா இருந்துது. கேக்குதா?”

நர்ஸ் யாருக்குச் சொன்னாளோ, சாயந்தரத்துக்குள் தெரு நிரம்பிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீருடையில் பெண்கள், மில் ஆட்கள், நேற்றுத்தான் மீசை முளைத்த பையன்கள். யாரும் அழவில்லை. சவ வண்டி நகர்ந்த மறுநிமிஷம் ஒருவன் தகர டப்பாவில் அந்த முதல் அடியைப் போட்டான், தெரு அதைப் பிடித்துக்கொண்டது. டோக்கன் நூத்திப் பதினேழு! உள்ளேன் ஐயா! அக்கா வண்டிக்குப் பின்னால் நடந்தாள். வயசான அம்மா யாரோ என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

மூன்றாவது சரணம் வந்தது. கூட்டம் முழுக்க வலது கையைத் தூக்கி, சிரித்துக்கொண்டே காற்றில் எழுதியது. இருநூறு கைகள், இருநூறு பேனாக்கள். நர்ஸ் சொன்ன துள்ளல் இதுதான்.

அக்காவும் கையைத் தூக்கினாள். தாளம் தூக்கியதா, அவளே தூக்கினாளா, தெரியவில்லை. எழுத எழுத விரல்கள் நடுங்கின. அன்று ரெஜிஸ்டரிலும் நடுங்கின. எழுத்து கோணிப்போனதைப் பார்த்துவிட்டு மேனேஜர் ரெஜிஸ்டரை மூடி வைத்தார்.

பக்கத்தில் ஆடிக்கொண்டு வந்த பெண் அன்பாக அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அப்படி இல்லம்மா. அந்தப் பேனாக்காரிக்கு நடுக்கமெல்லாம் கெடையாது. ஈ ஓட்டற மாதிரி அலட்சியமா எழுதணும். இப்படி, பாருங்க.”

அக்கா பார்த்தாள். அடுத்த சுற்றில் சரியாக எழுதினாள்.