மேஸ்திரிக்கு நாலு நாள்

எங்கள் வீட்டுக் கறுப்புக் கோழிக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவள் என் மனைவி. குஞ்சாக இருந்தபோதே அது மற்றதுகளை அதட்டி வேலை வாங்கும். எட்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து என் ஒன்பது வயது மகள் என்னிடம் ‘ம்’, ‘வேணாம்’ இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் மேஸ்திரிக்குத்தான். நான் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் திருடன் மாதிரி நின்று கேட்டுக்கொள்வேன்.

என்னோடு பட்டறையில் லேத் ஓட்டும் அண்ணன் வீடு மாறினார். தன் நான்கு வெள்ளைக் கோழிகளை என் தலையில் கட்டினார். எங்களிடம் மேஸ்திரியோடு சேர்த்து மூன்றுதான். நாலு கோழி கூட வந்தால் பிள்ளை முகம் கொஞ்சம் தெளியும் என்று நானும் வாங்கிக்கொண்டேன். நடுவில் கம்பி வலை கட்டி, இரண்டு வாரம் ஒன்றையொன்று பார்க்க மட்டும் விடச் சொன்னார் அண்ணன். நான் வெல்டர். இரும்பே நிமிஷத்தில் ஒட்டிக்கொள்கிறது, கோழிக்கு என்ன இரண்டு வாரம்? மூன்றாம் நாளே வலையைப் பிடுங்கிப் போட்டேன். என் அவசரப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேஸ்திரி நேராகப் போய் ஒரு வெள்ளையின் முதுகைக் கிழித்தது. மற்ற மூன்றையும் தீனிப் பக்கமே அண்டவிடவில்லை. திரும்ப வலையைக் கட்டினேன். அதையும் தாண்டிப் பறந்து போய்க் கொத்தியது. அண்ணனுக்கு போன் போட்டுப் புலம்பினேன். கொத்துகிறதை நாலு நாள் தனியே வைத்தால் கொழுப்பு அடங்கிவிடும் என்றார்.

பட்டறைக்குத் தூக்கிப் போகக் கூடையில் போட்டேன். மகள் கூடையின் பிடியை விடவில்லை.

“நாலே நாள்தாம்மா. நல்லபடியா கொண்டாந்து விட்டுடுவேன்” என்றேன்.

அவள் விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது.

பட்டறைச் சத்தத்தில் மேஸ்திரி ஒரு மணித் தீனிகூடத் தொடவில்லை. “தின்னு தாயே” என்று கெஞ்சிப் பார்த்தேன். தினமும் சாயங்காலம் மகள் வாசலில் நின்று என் கையைப் பார்ப்பாள். கை வெறுமையாக இருக்கும். உள்ளே போய்விடுவாள். நாலாவது நாள் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

மேஸ்திரி இல்லையே என்று நடு வலையை அவிழ்த்துவிட்டிருந்தேன். கோழிகள் அதற்குள் தங்களுக்குள் ராசியாகிவிட்டிருந்தன. மேஸ்திரிதான் இப்போது வேற்றுக் கோழி. கொட்டகைக்குள் இறக்கி விட்டதும் ஆறும் சேர்ந்து பாய்ந்தன. கூடவே வளர்ந்த இரண்டும்தான் முதலில் கொத்தின, பாவிகள். நாலு நாள் பட்டினியில் அதற்கு எதிர்த்து நிற்கத் தெம்பில்லை. சுவர் மூலையில் தலையைச் செருகிக்கொண்டது. நான் உள்ளே விழுந்து புரண்டு அதை வெளியே எடுப்பதற்குள் கொண்டை கிழிந்து ஒரு கண் போய்விட்டது.

மடியில் போட்டுக்கொண்டு துணி கேட்டேன். மகள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் துணியைக் கொண்டுவந்து நின்றாள். சரியாகிவிடும் என்றேன். மேஸ்திரியின் கழுத்து என் முழங்கையில் துவண்டு கிடந்தது.

“அம்மாவையும் நாலே நாள்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனே.”

எட்டு மாதமாக அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு பேச்சு வராதா என்று ஏங்கிக் கிடந்தேன். வந்துவிட்டது. துணிக்காகக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. மேஸ்திரியை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.