ஈயப் பற்று

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தமிழ்ச்செல்வி செய்தது அதேதான், வேறென்ன சொல்ல!

கடலூர் வண்டிப்பாளையத்தில் வீட்டு முன்னறைதான் அவளுக்குப் பட்டறை. பழைய வெள்ளியை உருக்கி, தட்டி நீட்டி, வரிசையாக ஓட்டை போட்ட கம்பியச்சில் நுழைத்துக் குறடால் இழுப்பாள். பெரிய ஓட்டையிலிருந்து சின்ன ஓட்டைக்குப் போகப் போகக் கம்பி மெலியும். சிதம்பரத்துச் சின்னம்மாள் தன் கல்யாணக் கொலுசு இரண்டையும் கொடுத்து, மகளுக்குக் கம்பிச் சங்கிலி பின்னித் தரச் சொல்லியிருந்தாள். முதல் கொலுசை உருக்கி இழுத்தபோது ஐந்தாவது ஓட்டையில் படக்கென்று அறுந்தது. காய்ச்சி இழுத்தாள், அறுந்தது. மறுபடி உருக்கினாள், இந்தத் தடவை தட்டும்போதே பாளம் பாளமாக வெடித்தது. கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

வந்ததே கோபம்! போனை எடுத்து வாட்ஸ்அப்பில் கத்தினாள்.

"யக்கா, இது வெள்ளியே இல்ல. ஒங்களுக்கு இத யாரு வாங்கிக் குடுத்தாங்களோ, நல்லா நாமம் போட்டிருக்காங்க!"

அனுப்பியும் விட்டாள். மூன்றாம் நாள், மற்ற கொலுசைத் திருப்பிக் கொடுக்க எடுத்துத் துடைத்தபோதுதான் கொக்கியடியில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. ஈயப் பற்று. எவனோ ரிப்பேர் செய்தவன் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறான். ஈயம் கலந்தால் எந்த வெள்ளியும் வெடிக்கும். உருக்குவதற்கு முன்னால் அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டும். பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொன்னது அது. முதல் கொலுசின் கொக்கியை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மனசு கேட்காமல், பற்று இல்லாத இடத்தில் ஒரு துண்டை வெட்டி உருக்கி இழுத்தாள். கடைசி ஓட்டை வரைக்கும் கம்பி அறுபடவே இல்லை.

அட, வெட்கக்கேடே! போனில் சொல்லிவிடலாம்தான். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள். வழியெல்லாம் முகம் எரிந்தது.

கதவைத் திறந்த சின்னம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெட்டதக் குடுத்து ஒன் வேலையக் கெடுத்துட்டேன்மா. எந் தம்பி சடையப்பன் போட்ட சீரு அது. கரும்பு வெட்டிச் சம்பாரிச்சி வாங்குனான்னு முப்பது வருசமா நம்பிக்கிட்டிருந்தேன். நீ பேசுனத அப்பிடியே அவனுக்கு அனுப்பிட்டேன். இனிமே எம் மொகத்துல முழிக்காதடான்னுட்டேன்."

தமிழ்ச்செல்விக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"யக்கா, அது நல்ல வெள்ளிக்கா. ஈயத்த வெட்டாம உருக்குனது நான். தப்பு எம்மேல." புதுக் கம்பியை நீட்டினாள்.

சின்னம்மாள் அதை வாங்கவில்லை. பிறகு போனை எடுத்துத் திட்டக்குடியில் இருக்கும் தம்பிக்குப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, அவள் கையில் திணித்தாள்.

"நீயே சொல்லு."

"யக்கா, வச்சிடாதக்கா!" என்று அந்தப் பக்கம் சடையப்பன் பதறினார். "எனக்கு வித்தவந்தான் ஏமாத்திட்டான் போலருக்கு. சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. வேற கொலுசு வாங்கி வச்சிருக்கேன். நாளைக்கே எடுத்தாறேன்."

செய்யாத தப்புக்கு ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்கிறான்!

"அண்ணே, நான் கடலூர் தமிழ்ச்செல்வி. கம்பி இழுக்கறவ. நீங்க போட்டது சுத்தமான வெள்ளிண்ணே. நாந்தான் சரியாப் பாக்காம..." மீதி முனகலாகத்தான் வந்தது.

சடையப்பன் கேட்டார்.

"அந்த வாய்ஸ்ல பேசுனது நீதானா?"

"ஆமாண்ணே."

"சம்பந்தி வூட்டுக்காரங்க வந்திருந்தாங்கம்மா. எல்லாரும் உக்காந்திருக்கறப்பதான் அதப் போட்டுக் கேட்டேன்." அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். "அதுல நல்லா சத்தமாப் பேசியிருந்த. இப்ப எனக்கே சரியாக் கேக்கல. இரு, அவுங்களயும் லைன்ல கூப்புடுறேன். அதே சத்தத்துல இதையும் சொல்லிடு."