நாற்பதாவது கை

1

"என்னை ரெண்டாம் அறையில போட்டதுகூடப் பரவாயில்லைம்மா. அதே நேரத்துல அவரை ஒண்ணாம் அறையில போட்டிருக்கீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"நானும் அதைத்தான் கேக்க வந்தேன். அவர் முந்திக்கிட்டார்ங்கறதுக்காக நான் கேக்காம விட முடியாது."

"அவரைக் கொஞ்சம் குரலைக் குறைக்கச் சொல்லுங்க."

"நான் குரலை ஏத்தவே இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

ஒரே சோபாவில், நடுவில் இன்னோர் ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், எதிரே இருந்த நத்தை ஆய்வுக் கழகச் செயலாளரைப் பார்த்துத்தான் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். இருவரும் பேராசிரியர்கள். ஒருவருக்கு மீசை பெரிது. மற்றவர் வெயிலோ மழையோ குடை இல்லாமல் படியிறங்க மாட்டார். எனவே இந்தக் கதையில் ஒருவர் மீசை, இன்னொருவர் குடை. உண்மைப் பெயரைப் போட்டால் நாளைக்கு இருவரும் என் வீட்டு சோபாவுக்கு வந்துவிடுவார்கள்.

"அப்போ பத்தொன்பது வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் என்னைத் திட்டுறதுதானா?" என்றாள் செயலாளர்.

இருவரும் யோசித்தார்கள். "இந்த ஒரு விஷயத்துல மட்டும்," என்றார் மீசை.

"அதுவும் தற்காலிகமா," என்றார் குடை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் பால்கனியில். செயலாளர் வீட்டுக் கூடத்து ஜன்னல் அதற்கு நேர் எதிரே. அன்று நான் ஒரு தலையணை உறை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் உறை. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

2

கதையை நான் இப்படித் தொடங்குவதாக இல்லை. முதல் வரைவு இது:

நத்தை தன் வீட்டைத் தானே சுமந்துகொண்டு, எந்த அவசரமும் இன்றி, வாழ்க்கை என்னும் நெடும்—

அடித்துவிட்டேன். நத்தை ஆய்வுக் கழகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோருமே தங்கள் முதல் உரையை இப்படித்தான் ஆரம்பிப்பார்களாம். அந்த வாக்கியம் முடிவதற்குள் பழைய உறுப்பினர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்களாம். இரண்டாவது வரைவு:

கழகம் தொடங்கி முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உறுப்பினர்கள் நூற்றுப் பதினாறு பேர். அவர்களுள்—

இது ஆண்டறிக்கை. இதைப் படிக்க ஆண்டறிக்கையே இருக்கிறது, அதையும் யாரும் படிப்பதில்லை. ஆகவே சண்டையிலேயே தொடங்கிவிட்டேன். ஆனால் சண்டையின் வேரைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

ஒரு நத்தை ஊர்ந்த இடத்தில் பிசுபிசுப்பாக ஒரு தடம் நிற்கும். பின்னால் வரும் நத்தை அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும். முன்னே போனது எந்தத் திசையில் போனது என்று பின்னே வருவதற்குத் தெரியுமா? தெரியும் என்கிறார் மீசை. தெரியாது, சும்மா போகிறது என்கிறார் குடை. பத்தொன்பது ஆண்டு மாநாடுகளில் ஒருவர் பேசும்போது மற்றவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறார். போன ஆண்டு அந்தக் கேள்வி நாற்பது நிமிடம் நீண்டு, எல்லோருடைய மதியச் சாப்பாடும் ஆறிப்போனது. உறுப்பினர்கள் எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தார்கள். செயலாளர் நல்ல எண்ணத்தோடுதான் இந்த முறை இருவரையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அறைகளில் போட்டாள். அப்போது ஒருவர் பேச்சுக்கு மற்றவர் போக முடியாது அல்லவா?

அதுதான் தவறாகப் போனது. "அந்தாளு எழுந்து கேள்வி கேக்கலைன்னா நான் எதுக்கும்மா பேசணும்? வீட்டுலயே பேசிக்கலாமே?" என்றார் குடை, வாசலில் செருப்பு மாட்டும்போது. "மாத்தலைன்னா நான் வரலை. என்கிட்ட படிச்ச பசங்களும் வர மாட்டாங்க."

படியில் முன்னே இறங்கிக்கொண்டிருந்த மீசை திரும்பாமலே, "என் பசங்களும்தான்," என்றார்.

3

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. செயலாளரின் கணவர். அவர் பல் மருத்துவர். மனைவியின் கழக வேலையைக் கண்டால் முணுமுணுக்கிறவராக முதலில் அவரை எழுதினேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே! ஆனால் அவர் என் கடைவாய்ப் பல்லை வலி தெரியாமல் பிடுங்கியவர். மனசாட்சி ஒத்துழைக்கவில்லை.

(தவிர, அவர் முணுமுணுக்கவும் இல்லை. முணுமுணுத்திருந்தால் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டிருக்காது.)

இருபது வருடம் இன்னொருவர் கிளினிக்கில் சம்பளத்துக்குப் பல் பார்த்தவர் அவர். இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஐந்து மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு கடலோர ஊரில் சொந்தமாகக் கிளினிக் போட்டார். அவளும் கூடவே போவதாகத்தான் ஏற்பாடு, கழகத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு. அங்கேதான் மாட்டிக்கொண்டது. கழகத்தின் ஏழாவது விதிப்படி, மாநாட்டின் கடைசியில் நடக்கும் பொதுக்குழுவில் நாற்பது உறுப்பினர்களாவது 'இருக்கிறேன்' என்று கை தூக்கினால்தான் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டு முறை எண்ணலாம். இரண்டு முறையும் குறைந்தால் பழைய ஆளே இன்னொரு வருடம். இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டவுடன் ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடிவிடுகிறார்கள். போன வருடம் முப்பத்து நான்கு கை. அதற்கு முந்தின வருடம் இருபத்தொன்பது.

அன்று விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வந்திருந்த கணவர், பேராசிரியர்கள் போனதும் சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

"நாப்பது பேர் கை தூக்கணும்னு நான் ரெண்டு வருஷமா தனியா சமைச்சுச் சாப்பிடறேன்."

"சமைக்கிறீங்களா? சூடு பண்றேன்னு சொல்லுங்க."

"சரி, சூடு பண்றேன்." சிரித்தார். "இந்த வருஷமும் ஆகலைன்னா நான் கிளினிக்கை மூடிட்டு இங்கேயே வந்துடறேன். பழைய இடத்துல கேட்டா சேர்த்துப்பாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே, நாளைக்குப் பால் வேண்டாம் என்பதுபோலச் சொன்னார். அந்தக் கிளினிக்குக்குப் பெயிண்ட் நிறம் தேர்ந்தெடுக்க மட்டுமே மூன்று வாரம் எடுத்துக்கொண்ட மனிதர் அவர்.

4

மறுநாள் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதத் துண்டுகள். ஒவ்வோர் உரைக்கும் ஒரு துண்டு. அவற்றை நகர்த்தி நகர்த்தித்தான் நிகழ்ச்சி நிரலைப் போடுவாள். பக்கத்தில் இணைச் செயலாளர். அருங்காட்சியகத்தில் நத்தை ஓடுகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டும் பெண், ஒருகாலத்தில் குடையின் மாணவி.

"மீசை சார் கூட்டத்துல பன்னெண்டு பேர், எங்க சார் கூட்டத்துல பத்துப் பேர். அவங்க வரலைன்னா நாப்பதை மறந்துடுங்க," என்றாள் அவள்.

"வந்தா மட்டும்? சாப்பாட்டை ஆற வெப்பாங்க. அப்புறம் எல்லாரும் ரயிலுக்குப் போவாங்க."

செயலாளர் மீசையின் துண்டையும் குடையின் துண்டையும் கையில் எடுத்தாள். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த கட்டத்தில் வைத்தாள். அதற்கு நேர் கீழே பொதுக்குழு.

"உரையே கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுக்கட்டும். ஒரு மணி நேரம். இவங்க சண்டைன்னா எவனாவது ரயிலைப் பிடிப்பானா?"

"அக்கா!" என்றாள் இணைச் செயலாளர். அதில் அவ்வளவு மரியாதை இருந்தது.

பிறகு செயலாளர் தலையைத் திருப்பாமலே குரலை மட்டும் உயர்த்தினாள். "பால்கனி அக்கா, நேத்துலேர்ந்து அதே உறைதானே காயுது? உள்ளே வாங்க. பதிவு மேசையில உட்கார ஒரு ஆள் வேணும்."

இப்படித்தான் நான் கதைக்குள் வந்தேன். நானாக வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5

மாநாட்டில் என் வேலை உறுப்பினர்களுக்குப் பெயர் அட்டையும் பையும் கொடுப்பது. கடைசியில் ஒரே ஓர் அட்டை மிஞ்சியது. யாரோ ஒரு கடற்சிப்பி ஆய்வாளர், வரவில்லை. அட்டை இல்லாதவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்றார்கள். அதை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். பசி பொல்லாதது.

இரண்டாம் நாள் மதியம் அரங்கில் நிற்க இடமில்லை. பெட்டிகளோடு வந்து ஜன்னல் திட்டில்கூட உட்கார்ந்திருந்தார்கள்.

"தடத்துலயே திசை இருக்கு. நத்தை மோந்து தெரிஞ்சுக்குது," என்றார் மீசை.

"அப்போ உங்க சோதனைக் கண்ணாடித் தட்டுல பாதி நத்தை ஏன் எதிர்ப்பக்கம் போச்சு?"

"பாதி இல்லை. நாப்பத்தொரு சதவீதம்."

"அந்த நாப்பத்தொண்ணுக்கும் ஜலதோஷமா?"

அரங்கு அதிர்ந்தது. மேடை ஓரத்தில் செயலாளர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு. அவள் முகத்தில் ஏற்கெனவே கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது.

(இந்த வாக்கியத்தை அடிக்கலாம் என்று பார்த்தேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அவள் அப்படித்தான் நின்றாள்.)

மணி அடித்தது. கழகத் தலைவர், "அடுத்தது பொதுக்குழு" என்று வாயைத் திறந்தபோது மீசை, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, நேராகக் குடையைப் பார்த்துப் பேசினார்.

"அந்தத் தட்டு என் வண்டியிலதான் இருக்கு. வாங்க, காட்டறேன்."

"காட்டுங்க."

இருவரும் எழுந்து நடந்தார்கள். பன்னிரண்டும் பத்தும் பின்னால் போயின. தட்டைப் பார்க்கும் ஆசையில் இன்னும் ஐந்து பேர். எந்தச் சண்டையை வைத்து ஆளைச் சேர்த்தாளோ, அதுவே ஆளை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

முதல் எண்ணிக்கை: இருபத்தொன்பது.

இணைச் செயலாளர் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். பத்துப் பேரை மேய்த்துக்கொண்டு திரும்பினாள். கடைசி ஆளை, கையில் நத்தைப் பெட்டி வைத்திருந்த மீசையின் மாணவனை, சட்டைக் கையைப் பிடித்தே இழுத்து வந்தாள்.

"விடுங்க, பெட்டி சாயுது!"

"கையைத் தூக்கினா விடறேன்."

தலைவர் பேனா முனையால் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தார். கடைசி வரிசைக்கு வந்தபோது பேனா நின்றது. "முப்பத்தொன்பது," என்று இழுத்தார். யாரோ பெருமூச்சு விட்டார்கள். செயலாளர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நான் இருந்தேன்.

என் கை மேலே போனது.

"நாற்பது," என்றார் தலைவர்.

புதிய செயலாளராக யார் பெயரைச் சொல்லலாம் என்று கேட்டவுடன் அரங்கில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் செருப்பு வார் சரிசெய்ய வேண்டியிருந்தது. இணைச் செயலாளர்தான் எழுந்தாள். "நான் பார்த்துக்கறேன். ஆனா இவங்க ரெண்டு பேரையும் எங்கே போடறதுன்னு யாரும் எனக்குப் புத்தி சொல்லக் கூடாது." கைதட்டல்.

6

இப்போது பிரச்சினை உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் உறுப்பினர் இல்லை. இந்தக் கதையை எழுதினால் அந்தத் தேர்தல் செல்லாது. எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வம்புக்கும் ஒரு தர்மம் உண்டு. பார்க்கலாம், கேட்கலாம், நாலு பேரிடம் சொல்லலாம். நடுவில் கை வைக்கக் கூடாது.

ஆகவே முடிவை மாற்றிப் பார்த்தேன்.

அப்போது கதவு திறந்தது. குடை மூச்சிரைக்க உள்ளே வந்து கையைத் தூக்கி—

இல்லை. அவர் வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் தரையில் முட்டி போட்டு, மீசையோடு தலை இடிக்கத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று: நான் தலைமுடியை ஒதுக்கத்தான் கையைத் தூக்கினேன், தலைவர் எண்ணிவிட்டார். எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிக்காரர்களிடம் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் நம்பவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கடற்சிப்பி ஆய்வாளருக்குக் கலந்துகொண்டதற்கான சான்றிதழை அனுப்பிவிட்டார்கள். "மிகச் சிறப்பான மாநாடு" என்று அவரும் நன்றிக் கடிதம் எழுதிவிட்டார். அவரே வந்தேன் என்கிறபோது வரவில்லை என்று சொல்ல நான் யார்?

உண்மையில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவள் என்னைப் பார்த்தாளா, என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாளா? என்னைப் பார்த்திருந்தால் அது அவள் கை. கடிகாரத்தைப் பார்த்திருந்தால் அது என் கை.

7

அடுத்த ஆண்டே இணைச் செயலாளருக்கும் நத்தைப் பெட்டிக்காரனுக்கும் கல்யாணம். சட்டைக் கையில் தொடங்கியது. குடையும் மீசையும் ஒரே பரிசுப் பொருளைச் சேர்ந்து வாங்கி வந்தார்கள், யார் கையால் கொடுப்பது என்பதில் மட்டும் தகராறு. பிறகு குடை வீடு மாறினார், மீசையின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வயதாகிவிட்டது, லிஃப்ட் உள்ள கட்டடமாகப் பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறார். அவர் குடிபோனது தரைத்தளத்துக்கு.

செயலாளர் மாநாடு முடிந்து ஆறாவது வாரம் கிளம்பிவிட்டாள். கிளினிக்கில் யாருக்கு எப்போது நேரம் என்று எழுதுவது இப்போது அவள்தானாம். ஒருவருக்கொருவர் ஆகாத குடும்பங்களை ஒரே வேளைக்கு வரச்சொல்வதாகக் கேள்வி. காத்திருக்கும் நேரம் அவர்களுக்குத் தெரிவதே இல்லையாம்.

சாமான் ஏற்றிய அன்று அவள் வண்டியில் ஏறி நின்று பெட்டிகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கீழிருந்து ஒரு பெட்டியை நீட்டியபடி கேட்டே விட்டேன்.

"அன்னிக்கு நீ என்னைத்தானே பார்த்தே?"

"அக்கா, அதுல கண்ணாடிச் சாமான் இருக்கு. ரெண்டு கையாலயும் பிடிங்க."

பிடித்தேன். அவள் சிரித்தாள். அது எந்தச் சிரிப்பு என்று நானே எழுதிவிட்டால் அந்தக் கை யாருடையது என்றும் எழுதியதாகிவிடும். அதனால் எழுதவில்லை. உங்களில் யாராவது கழகத்தில் உறுப்பினராக இருந்து இதைப் படித்தால், முதலில் கடலோரம் போய் அவளும் அவள் கணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகும் புகார் எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள்.